பறக்கும் பறவை, பாயும் ஆட்டக்காரர்: படம் எங்கே கெடுகிறது?

பறவைகளையும் விளையாட்டையும் படம் எடுக்கப் பழகும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே குறையைத்தான் சொல்வார்கள்: "ஷார்ப்பா வரலை." அடுத்த வரி, "லென்ஸை மாத்தணும்." கூர்மை போவதற்குக் காரணங்கள் பல. கை அசைந்திருக்கலாம், பறவை அசைந்திருக்கலாம், ஃபோகஸ் தப்பியிருக்கலாம், இடையில் இருக்கும் காற்றே கெடுத்திருக்கலாம். ஒவ்வொன்றும் படத்தில் தனித் தடயம் விட்டுச் செல்லும். அதனால் கெட்ட படத்தைக் கேமரா திரையில் பார்த்தவுடனே அழித்துவிடாதீர்கள். வீட்டில் கணினியில் 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, எது மங்கியிருக்கிறது, எந்தத் திசையில் மங்கியிருக்கிறது, படத்துக்குள் வேறு எங்காவது கூர்மை இருக்கிறதா என்று தேடுங்கள். லென்ஸைக் குறை சொல்வது அதற்கு அப்புறம்.

கீழே வரும் எண்கள் மாணவர்கள் கையில் சாதாரணமாக இருக்கும் கருவிக்கானவை: ஏபிஎஸ்-சி சென்சார் கேமரா (முழு ஃபிரேமைவிடச் சிறிய சென்சார் உள்ளது), 70-300 மி.மீ. லென்ஸ், மிஞ்சினால் வாடகைக்கு எடுத்த 150-600 மி.மீ.

படம் முழுக்க ஒரே பக்கமாக இழுபட்டிருக்கிறது

பறவையும் அது உட்கார்ந்திருக்கும் கிளையும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் அசைந்தது கேமரா. தண்ணீரில் மின்னும் ஒளிப்புள்ளிகளைப் பாருங்கள். அவை சின்னச் சின்னக் கோடுகளாகியிருந்தால் சந்தேகமே வேண்டாம். கோடு மேலிருந்து கீழாக ஓடினால் ஷட்டர் பொத்தானை அழுத்தாமல் குத்துகிறீர்கள் என்று பொருள்.

300 மி.மீ. லென்ஸை ஏபிஎஸ்-சி கேமராவில் மாட்டினால் பார்வைக் கோணம் 450 மி.மீ. லென்ஸ் போலச் சுருங்கிவிடும். கையில் பிடித்து எடுக்க ஷட்டர் வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் நேரம், 1/500 நொடியாவது வேண்டும். லென்ஸில் அதிர்வைக் குறைக்கும் வசதி இருந்தால், அசையாமல் உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/125 வரை கூட இறங்கிப் பார்க்கலாம். பறக்கும் பறவைக்கு அந்த வசதி பெரிதாக உதவாது, அது தடுப்பது உங்கள் கை நடுக்கத்தை மட்டும்தான். இடது கையை லென்ஸுக்கு அடியில் கொடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள். காற்றடிக்கும் ஏரிக்கரையில் ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள்.

உடம்பு கூர்மை, சிறகு மட்டும் கரைந்திருக்கிறது

கிளை கூர்மையாக இருந்து பறவை மட்டும் இழுபட்டிருந்தாலும், தலை கூர்மையாக இருந்து சிறகு நுனி கரைந்திருந்தாலும் ஷட்டர் வேகம் போதவில்லை. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் ஒரு சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 10 மீட்டர். 1/500 நொடியில் அது 2 செ.மீ. நகரும், 1/2000 நொடியில் அரை செ.மீ. முகத்தில் 2 செ.மீ. இழுபட்டால் கண் காணாமல் போய்விடும். பறவையின் சிறகு நுனி உடம்பைவிட வேகமாக அசைவதால் அங்கேதான் முதலில் தெரியும்.

கொக்கு, நாரை, கூழைக்கடா போன்ற பெரிய பறவைகள் நிதானமாகச் சிறகடிப்பவை; 1/1600 போதும். பருந்துக்கு 1/2000. மீன்கொத்தி, பஞ்சுருட்டான் போன்றவற்றுக்கு 1/3200. கபடிக்கும் கால்பந்துக்கும் 1/800 முதல் 1/1000 வரை. சிறகு நுனி லேசாகக் கரைந்திருப்பது எல்லா நேரமும் பிழையும் அல்ல. கண் கூர்மையாக இருந்தால் அந்தக் கரைசல்தான் பறக்கிற உணர்வைத் தரும். எல்லாவற்றையும் உறைய வைத்த படங்களில் சில, பாடம் செய்து நூலில் கட்டித் தொங்கவிட்ட பறவை மாதிரி இருக்கும்.

பின்னால் இருக்கும் மரம் பளிச்சென்று இருக்கிறது, பறவை மங்கல்

படத்தில் எங்காவது கூர்மை இருக்கிறது, ஆனால் வேண்டிய இடத்தில் இல்லை என்றால் அது ஃபோகஸ் பிழை. புதியவர்களின் கெட்ட படங்களில் பெரும்பகுதி இந்த வகைதான், லென்ஸ் மேல் அநியாயமாகப் பழி விழுவதும் இங்கேதான்.

கணக்கைப் பாருங்கள். 300 மி.மீ. லென்ஸின் திறப்பை எஃப் 5.6இல் (எஃப் எண் சிறிதானால் திறப்பு பெரிது) வைத்து 10 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், ஏபிஎஸ்-சி கேமராவில் கூர்மையாக வரும் ஆழம் ஏறத்தாழ 25 செ.மீ.தான். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் உங்களை நோக்கி வரும் பறவை, நீங்கள் ஃபோகஸ் செய்து ஷட்டரை அழுத்துவதற்குள் நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதித்தால் கூட ஒரு மீட்டர் நகர்ந்துவிடும். கூர்மை இருந்த இடம் அதற்குப் பின்னால் காலியாகக் கிடக்கும். 600 மி.மீ.யில் எஃப் 6.3 என்றால் அதே 10 மீட்டரில் ஆழம் வெறும் 7 செ.மீ. நாரையின் அலகு நுனியும் கண்ணும் ஒன்றாக அதற்குள் அடங்காது.

முதலில் ஃபோகஸ் முறையைப் பாருங்கள். கேமரா ஒருமுறை பிடித்துப் பூட்டிக்கொள்ளும் முறையில் இருந்தால் ஓடுவதையும் பறப்பதையும் எடுக்கவே முடியாது. தொடர்ந்து பின்தொடரும் முறைக்கு மாற்றுங்கள். நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி, கேனனில் செர்வோ என்று இருக்கும். பல கேமராக்களில் பெட்டியைப் பிரித்தவுடன் இருப்பது இது அல்ல.

அடுத்தது ஃபோகஸ் பரப்பு. கிளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பறவைக்கு ஒற்றைப் புள்ளி. வெறும் வானத்தில் பறப்பதற்கு அகலமான பரப்பு, அங்கே கேமராவைக் குழப்ப வேறு எதுவும் இல்லை. மரங்களை ஒட்டிப் பறந்தால் நடுவில் ஒரு சிறு தொகுதி. வேடந்தாங்கலில் நீர்க்கடம்ப மரங்கள் பின்னணியில் நிற்கும்போது அகலப் பரப்பை வைத்தால், கேமரா நாரையை விட்டுவிட்டு இலைகளைப் பிடித்துக்கொள்ளும், ஏனென்றால் இலைகளில்தான் கோடுகளும் மாறுபாடும் அதிகம். பறவையின் கண்ணைத் தானே தேடும் புதிய கேமராக்கள் இந்த வேலையைச் சுலபமாக்கியிருப்பது உண்மைதான். ஆனால் முள்மரத்துக்குள் இருக்கும் சிட்டுக்கு அவையும் தடுமாறும், அப்போது ஒற்றைப் புள்ளிக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

சில நேரம் லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்துகொண்டே இருக்கும், எதையும் பிடிக்காது. பறவை வருவதற்கு முன்பே, அது வரப்போகும் தூரத்தில் இருக்கும் ஒரு மரத்தையோ கரையையோ ஃபோகஸ் செய்து வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் பக்கவாட்டில் ஃபோகஸ் தூரத்தைக் கட்டுப்படுத்தும் சுவிட்ச் இருந்தால், கிட்டத்துத் தூரத்தை வெட்டிவிடுங்கள். அலைவது பாதி குறையும்.

ஃபோகஸை ஷட்டர் பொத்தானிலிருந்து பிரித்து, பின்பக்கம் கட்டைவிரலுக்கு மாற்றும் பழக்கத்தையும் முயன்று பாருங்கள். கட்டைவிரல் அழுத்தியிருக்கும்வரை கேமரா பின்தொடரும், எடுத்தால் நிற்கும். ஆளுக்கு ஆள் இது பிடிக்கும், பிடிக்காது. ஒரு வாரமாவது பழகிவிட்டு முடிவு செய்யுங்கள்.

இத்தனைக்கும் பிறகு கூர்மை வரவில்லை என்றால்தான் லென்ஸைச் சந்தேகிக்கலாம். அசையாத பொருள், ட்ரைபாட், நல்ல வெளிச்சம், 5 மீட்டர் தூரத்தில் சாய்த்து வைத்த அளவுகோல். ஃபோகஸ் வைத்த எண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ மட்டும் எப்போதும் கூர்மை விழுந்தால், டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி வைத்த) கேமராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் சிறு பொருத்தமின்மை இருக்கிறது. சில டிஎஸ்எல்ஆர்களில் இதைத் திருத்த மெனுவிலேயே வசதி உண்டு. மலிவான யூவி ஃபில்டர் மாட்டியிருந்தால் இந்தச் சோதனைக்கு முன் அதைக் கழற்றிவிடுங்கள், பல நேரம் கதை அதோடு முடிந்துவிடும்.

ஷட்டர் வேகமும் ஃபோகஸும் சரி, ஆனாலும் எங்குமே கூர்மை இல்லை

இழுபடவும் இல்லை, பின்னணியிலும் கூர்மை இல்லை, ஓரங்கள் மட்டும் நெளிந்திருக்கின்றன. தொடர்ந்து எடுத்த பத்துப் படங்களில் ஒன்று சுமார், மற்றவை மோசம். இது காற்றின் வேலை. சூடான தரையிலிருந்து எழும் காற்று ஒளியை அலைக்கழிக்கிறது. கோடியக்கரையில் வெயில் ஏறிய பிறகு தூரத்து வெளிமான்களை எடுத்தாலும், பழவேற்காட்டில் ஏரிக்கு நடுவே நிற்கும் பூநாரைகளை எடுத்தாலும் இதுதான் நடக்கும். எத்தனை லட்ச ரூபாய் லென்ஸும் இதைச் சரிசெய்யாது. நீண்ட லென்ஸ் இதை இன்னும் பெரிதாக்கிக் காட்டும், அவ்வளவுதான்.

சூரியன் எழுந்து முதல் இரண்டு மணி நேரத்துக்குள் எடுங்கள், இல்லாவிட்டால் கிட்டே இருப்பதை எடுங்கள். காருக்குள்ளிருந்து எடுக்கும்போது ஏசியை முன்பே நிறுத்திவிட்டு எல்லாக் கண்ணாடிகளையும் இறக்கிவிடுங்கள். குளிர்ந்த காற்றும் வெளிச்சூடும் ஜன்னலில் கலந்தால் அங்கேயே ஒரு நெளிவு உண்டாகும்.

கொக்கு வெள்ளைக் காகிதம், பருந்து கறுப்புக் காகிதம்

கேமராவின் ஒளி அளவீடு எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்க நினைக்கும். கரும்பச்சைத் தண்ணீர் முன்னால் நிற்கும் சின்னக் கொக்கு படத்தில் சிறு பங்குதான். கேமரா தண்ணீரைப் பார்த்து ஒளியைக் கூட்டும், கொக்கின் இறகுகள் எரிந்துபோகும். வெளிர் வானத்தில் பறக்கும் பருந்துக்கு நேர் எதிராக நடக்கும். அளவீட்டுத் திருத்தத்தில் கொக்குக்கு மைனஸ் 1, பருந்துக்கு பிளஸ் 1.3 முதல் 2 வரை வைத்தால் சரியாகும்.

அதே கொக்கு தண்ணீரை விட்டு எழும்பி வானத்துக்குப் போனதும் இந்தத் திருத்தம் தலைகீழாகிவிடும். பறக்கிற பறவையின் பின்னணி நொடிக்கு நொடி மாறுகிறது, அதன் மேல் விழும் வெயில் மாறுவதில்லை. எனவே வெயில் நிலையாக இருக்கும் காலையில் எம் (மேனுவல்) முறைக்குப் போய், ஐஎஸ்ஓவையும் (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறன்) ஆட்டோவிலிருந்து எடுத்துவிட்டு, ஐஎஸ்ஓ, திறப்பு, ஷட்டர் வேகம் மூன்றையும் கையால் வைத்துவிடுங்கள். முழு வெயிலுக்கு ஐஎஸ்ஓ 400, எஃப் 5.6, 1/3200 என்று தொடங்கலாம். ஒரு கொக்கை எடுத்து, திரையில் வெள்ளை எரிந்த இடம் கண்சிமிட்டிக் காட்டும் எச்சரிக்கையைப் பாருங்கள். இறகு சிமிட்டினால் கொஞ்சம் குறையுங்கள். கொக்குக்குப் பொருந்திய அளவு அந்த வெயிலில் எந்தப் பறவைக்கும் ஏறக்குறைய பொருந்தும். நீர்க்காகம் போன்ற கறுப்புப் பறவைக்கு மட்டும் ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரண்டு மடங்கு, கூட்டலாம். மேகம் வந்து போகும் நாளில் இந்த முறை ஓயாத தொல்லை. அப்போது ஆட்டோ ஐஎஸ்ஓவுக்கும் திருத்தத்துக்கும் திரும்பிவிடுங்கள்.

மணல் தூவியது போல் புள்ளி புள்ளியாக இருக்கிறது

ஐஎஸ்ஓ கூடியதுதான் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. ஐஎஸ்ஓ 800இல் இருட்டாக எடுத்துக் கணினியில் இரண்டு ஸ்டாப் தூக்கிய படத்தைவிட, ஐஎஸ்ஓ 3200இல் சரியான வெளிச்சத்தில் எடுத்த படம் பெரும்பாலான கேமராக்களில் சுத்தமாகவோ அதே அளவிலோ இருக்கும். ஐஎஸ்ஓவுக்குப் பயந்து ஷட்டர் வேகத்தைக் குறைப்பது இன்னும் மோசம். புள்ளிகளை மென்பொருளில் குறைக்கலாம், இழுபட்ட கண்ணை மீட்க முடியாது.

இன்னொரு காரணம் வெட்டுவது. 24 மெகாபிக்சல் படத்தில் அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி என்று வெட்டினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல். கால் கால் பங்காக வெட்டினால் 1.5. புள்ளிகளும் அதே அளவு பெரிதாகித் தெரியும். கிட்டே போக முடியாத பறவையை, சுற்றியிருக்கும் நீரோடும் மரங்களோடும் சேர்த்துச் சிறிதாகவே வைத்து எடுத்தால் பல நேரம் அதுதான் நல்ல படம்.

உள்ளரங்கில் ஒரு படம் மஞ்சள், அடுத்தது இருட்டு, அதற்கடுத்தது சரி

கபடிப் போட்டியில் தொடர்ச்சியாக எடுத்தால் இது வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய வகை விளக்குகள் பலவும் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது, 1/1000 நொடிக்குத் திறக்கும் ஷட்டர் அந்த ஏற்ற இறக்கத்தில் எங்கே மாட்டுகிறதோ அந்த வெளிச்சமும் நிறமும் பதிவாகும். கேமராவில் ஒளித்துடிப்பைத் தவிர்க்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். விளக்கு உச்சத்துக்கு வரும் கணத்துக்காக ஷட்டர் காத்திருக்கும், வேகம் சற்றே குறையும். அந்த வசதி இல்லையென்றால் 1/100 நொடி பாதுகாப்பானது. ஆனால் அதில் ஆட்டக்காரர்கள் கரைந்துவிடுவார்கள். அதனால் தொடர்ச்சியாக நிறைய எடுத்துத் தேர்ந்தெடுப்பதுதான் நடைமுறை வழி. படத்தின் குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தால் மின்னணு ஷட்டரை நிறுத்தி, இயந்திர ஷட்டருக்கு மாறுங்கள்.

உள்ளரங்கில் 70-300ஐ மாட்டிக்கொண்டு அவதிப்படுவதையும் பார்க்கிறோம். மலிவான 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் எஃப் 5.6ஐவிட ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் தரும். கபடிக் களம் ஆண்களுக்கே 13க்கு 10 மீட்டர்தான். ஓரத்தில் தரையோடு உட்கார்ந்தால் பாடி வருபவரின் முகம் அந்த லென்ஸுக்கு எட்டும்.

பேனிங் செய்தால் எல்லாமே கரைகிறது

ரேக்ளா வண்டி, சைக்கிள், ஓட்டப்பந்தயம் ஆகியவற்றில் ஆளைக் கூர்மையாகவும் பின்னணியைக் கோடுகளாகவும் எடுக்கும் முறை இது. 1/60இல் தொடங்குங்கள், கை பழகியதும் 1/30. முன்பு சொன்ன சைக்கிள் 1/30 நொடியில் 33 செ.மீ. போய்விடும், அந்த 33 செ.மீ.யையும் கேமரா கூடவே போக வேண்டும். கால்களை, வண்டி உங்களைக் கடந்து போய்ச் சேரும் பக்கமாக வைத்து, இடுப்பைத் திருப்பிக் காத்திருந்து, இடுப்பிலிருந்து சுழலுங்கள். கிளிக் சத்தம் கேட்டதும் நின்றுவிடுவதுதான் பெரும்பாலோர் செய்வது. அப்புறமும் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும். அதிர்வு தடுக்கும் வசதியை, பேனிங்குக்கென்று தனி நிலை இருந்தால் அதில் வையுங்கள், இல்லாவிட்டால் அணைத்துவிடுங்கள். வெறும் வானம் பின்னணி என்றால் கோடு எதுவும் விழாது. மரமோ கூட்டமோ வேண்டும். நிறையக் கெடும், பரவாயில்லை.

நல்ல கணத்தில் கேமரா நின்றுவிடுகிறது

கேமரா எடுக்கும் வேகத்துக்குக் கார்டால் எழுதி முடிக்க முடியாததுதான் காரணம். 24 மெகாபிக்சல் ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பது) ஒன்று ஏறத்தாழ 25 எம்பி. நொடிக்கு 10 படம் என்றால் 250 எம்பி. வி30 என்று அச்சிட்ட கார்டு உறுதி தருவது நொடிக்கு 30 எம்பி எழுதும் வேகம்தான். கார்டின் முகப்பில் பெரிதாகப் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் படிக்கும் வேகம், அதை நம்பி வாங்காதீர்கள். கேமராவின் துளை யூஎச்எஸ்-1 வகை என்றால் உச்சமே 104 எம்பி. அதில் விலை உயர்ந்த கார்டு போட்டும் பயனில்லை. விரலை எடுக்காமல் அழுத்துவதை விட்டு, நாலைந்து படமாக விட்டு விட்டு எடுங்கள். ரா, ஜேபெக் இரண்டையும் சேர்த்துப் பதிவு செய்வதையும் நிறுத்துங்கள்.

எப்போதும் பறவையின் முதுகுதான் கிடைக்கிறது

இதற்குக் கேமராவில் மருந்து இல்லை. பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும்பும், இறங்கும். காற்று உங்கள் முதுகில் பட்டால் பறவை உங்களைப் பார்த்து எழும்பும். முகத்தில் பட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு போகும்.

நவம்பரிலிருந்து வேடந்தாங்கலில் பறவைகள் கூடும் மாதங்களில் வடகிழக்குக் காற்று. காலைச் சூரியனும் கிழக்கில். பறவைக்குக் கிழக்கே நின்றால் காற்றும் வெயிலும் இரண்டுமே உங்கள் முதுகில். முகம் முழுக்க ஒளியோடு உங்களை நோக்கி வரும். அதே இடத்தில் மாலையில் சூரியன் மேற்கே போய்விடும், காற்று மாறாது. ஒன்று முதுகு கிடைக்கும், இல்லாவிட்டால் நிழலடித்த முகம். கோவைக் குளங்களில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் காற்று வீசும்போது கணக்கு திரும்பும், அங்கே மாலைதான் நல்ல நேரம். கரை ஒரே பக்கம் மட்டும் இருக்கும் இடங்களில் நீங்கள் சுற்றிப் போக முடியாது. அப்போது காற்றுக்கு ஏற்ற மரத்தைத் தேர்ந்தெடுத்துக் காத்திருங்கள்.

எழும்பும் கணம் முன்கூட்டியே தெரியும். பறவை முன்னால் சாயும், உடம்பைத் தாழ்த்தும், பல நேரம் எச்சமிடும். அப்போது தொடர்ச்சியாக எடுக்கத் தொடங்குங்கள். பஞ்சுருட்டானும் கரிச்சானும் பூச்சியைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் அதே குச்சிக்குத் திரும்பும். குச்சிக்குச் சற்று முன்னால் ஃபோகஸ் வைத்துக் காத்திருக்கலாம். கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரை சுள்ளி எடுக்க ஒரே வழியில் போய் வந்துகொண்டிருக்கும், பழகுவதற்கு இதைவிட நல்ல பறவை இல்லை. தகைவிலானில் தொடங்கி மனம் உடைந்துபோகாதீர்கள்.

கிட்டே போனதும் பறந்துவிடுகிறதா? நேராக நடக்காதீர்கள், வளைந்து, நின்று நின்று, உட்கார்ந்து போங்கள். தலையைத் தூக்கிப் பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். காரே நல்ல மறைவிடம், இறங்கியதும்தான் பறவை மிரளும். கூட்டுக்குக் கிட்டே போவது மட்டும் வேண்டவே வேண்டாம்: தாய் எழும்பினால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காக்கைக்கும் தனியாக மாட்டும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காக ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே போய்ப் பறவையைப் பறக்கவைக்கக் கைதட்டினால் ஊர்க்காரர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வீர்கள்.

சில்லறைத் தொல்லைகள்

விடிகாலையில் லென்ஸ் முழுக்கப் பனி பூத்தால், ஏசி அறையிலிருந்து நேராக எடுத்து வந்திருக்கிறீர்கள். துடைத்தாலும் திரும்ப வரும். கேமராவைப் பையை விட்டு எடுக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்திருங்கள். வானத்தில் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் கரும்புள்ளி வந்தால் சென்சாரில் தூசி. எஃப் 16இல் வெறும் வானத்தை எடுத்தால் எத்தனை என்று தெளிவாகத் தெரியும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதிப் பாருங்கள், வாயால் ஊத வேண்டாம். லென்ஸுக்குள் சிலந்தி வலை போல் ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சை. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் லென்ஸைத் தோல் உறைக்குள் மாதக்கணக்கில் பூட்டி வைத்தால் வரும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், நிறம் மாறும் வகை என்றால் மாறியதும் சூடாக்கி உலர்த்தித் திரும்பப் போடலாம்.